சீட்டின் பின்பக்கம்

ரூவியில், ஹோண்டா ரோட்டுக்குப் பின்னால்,
வெயில் பன்னிரண்டு மணிக்கு மட்டும் இறங்கும் சந்தில்
என் சலவைக் கடை.
துணிக்குத் தரும் சீட்டின் பின்பக்கம்
எறும்பு ஊர்ந்ததுபோல் ஏழு வரி.
நான் எழுதியதல்ல.
எதிர்க்கடை வங்காளியின் சீட்டை அச்சகத்தில் நீட்டி
"இதே மாதிரி, பேரை மட்டும் மாத்து" என்றேன்.
அவன் யாருடையதை நீட்டினானோ.

பொத்தானுக்குப் பொறுப்பில்லை.
சாயம் போனால், சுருங்கினால் பொறுப்பில்லை.
நெருப்புக்கு, வெள்ளத்துக்கு,
முப்பது நாள் கழிந்த எதற்கும் இல்லை.
பையில் மறந்த காசைப் பற்றி மட்டும்
ஒரு வரியும் கிடையாது.
அதைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு
சீட்டு எண் எழுதி வைத்திருக்கிறேன்.
டப்பா நிறைய எண்கள்.

ஹம்தி வாத்தியார்
எகிப்துக்காரர், பள்ளியில் வேதியியல்.
மகள் நிச்சயத்துக்குப் போட
சாம்பல் நிறக் கோட்டு கொண்டுவந்தார்.
செம்புலிங்கத்துக்கு அந்த நேரம் பார்த்து போன்.
இஸ்திரிப்பெட்டியின் மூக்கு
தோள்பட்டையில் அப்படியே பதிந்துவிட்டது.

கூலி ஒன்றரை ரியால்.
அவர் கேட்டது நாற்பத்தைந்து.
நான் சீட்டைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.
"இதை நான் எப்போது படித்தேன்?"
"சீட்டு வாங்கினப்ப."
"கோட்டை நீ உள்ளே எறிந்த பிறகல்லவா
சீட்டு கிழித்தாய்?"

நுகர்வோர் அலுவலகத்தில்
மீன் அறைக் குளிர்.
அதிகாரி சின்ன வயசு ஓமானி.
டிஷ்டாஷாவில் கஞ்சி கூடுதல்,
நம் கடை வேலை இல்லை.
சீட்டை இரண்டு பக்கமும் படித்தார்.
"நெருப்புக்குப் பொறுப்பில்லை, சரி.
வைத்ததே நீயென்றால்?"
நான் விரலைப் பார்த்தேன்.
அப்புறம் வாத்தியார் பக்கம் திரும்பி
"கோட்டுக்கு வயது என்ன?" என்றார்.
"நாலு வருஷம்."
"நாலு வருஷம் உடுத்ததற்குப் புது விலையா?"
இப்போது வாத்தியார் விரலைப் பார்த்தார்.

பதினெட்டு ரியால்.
எண்ணி வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
வெளியே டாக்சி இல்லை,
என் வேனில்தான் ரூவி வந்தார்,
பின்னால் இருபது பேர் படுக்கை விரிப்பு.
இறங்கும்போது சொன்னது ஒன்றுதான்:
"எழுத்தையாவது பெரிசாகப் போடு."

ஏழு மாதம் கழித்து
வாதி கபீரில் தவணைக்கு எடுத்த
இருபத்திரண்டு கிலோ மிஷின்
நடுராத்திரி கல் அரைத்தது.
காலையில் சுற்றவே இல்லை.
உத்தரவாதம் இரண்டு வருஷம் என்று போனேன்.
விற்றவன் உட்காரச் சொன்னான், டீ தந்தான்,
பில்லைத் திருப்பினான்.
கடல் உப்புக் காற்றால் வரும் கோளாறுக்கு
நிறுவனம் பொறுப்பல்ல.

மஸ்கட்டில் ஐயா,
உப்பில்லாத காற்றை எந்தக் கடையில் வாங்குவது?

"இதை நான் எப்போது படித்தேன்?"
என் வாயிலிருந்து
வாத்தியாரின் குரல் வந்தது.
கோபம்கூட அவருடையதுதான்.

மறுபடி டோக்கன், மறுபடி குளிர்.
அதே அதிகாரி.
முகத்தை அடையாளம் கண்டு சிரித்தார்.
"இன்றைக்கு நீ எந்தப் பக்கம்?"
பில்லைப் பின்பக்கம் மேலாக மேசையில் வைத்தேன்.

வழக்கு நடக்கிறது. தவணையும் நடக்கிறது.
செம்புலிங்கம் தொட்டியில் இறங்கி மிதிக்கிறான்,
போன் என் மேசை இழுப்பறையில்.

அச்சடித்த சீட்டில் ஐந்நூறு மிச்சம்.
எறிய மனசில்லை.
கடை அடைத்தபின் பேனாவோடு உட்கார்கிறேன்.
பொத்தானை அடித்தேன்.
நெருப்பை இரண்டு கோடு போட்டு அடித்தேன்.
சாயத்தில் கொஞ்சம் யோசித்தேன்;
சிவப்புச் சேலையைச் சொல்லாமல் தந்தால்
நான் என்ன செய்ய?
அது இருக்கட்டும்.

வெள்ளத்தையும் விட்டுவிட்டேன்.
வாதி தெருவுக்குள் இறங்கிய வருஷம்
அறுபது அபாயா சேற்றோடு போனது.
அறுபது சீட்டும் வெளியே யார் யார் கையிலோ இருந்தது.
ஒருத்தர்கூடக் கேட்டு வரவில்லை.